முதல் நாவலுக்குப் புதுப் பக்கம்: காரைக்குடியிலிருந்து ஒரு வடிவமைப்புப் பதிவு

தமிழின் முதல் நாவல் எது, எழுதியவர் யார், எந்த ஆண்டு என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். பிரதாப முதலியார் சரித்திரம், மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1879. கதையைப் படித்தீர்களா என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நான் காரைக்குடியில் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறவன். கல்யாணப் பத்திரிகை, மணிவிழா மலர், கும்பாபிஷேக மலர், இவைதான் அன்றாடப் பிழைப்பு. இந்த நாவலைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டபோது, கிடைத்த பதில்களில் பெரும்பாலானவை கதையைப் பற்றியே இல்லை. எழுத்து நெருக்கமாக இருக்கிறது, பத்தி முடிவதே இல்லை, யார் பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை, நடுவில் வேறொரு கதை புகுந்துவிடுகிறது என்றார்கள். இவை எல்லாம் பக்கத்தின் குறைகள். பக்கத்தின் குறை என்றால் அது என் தொழிலுக்குள் வருகிற விஷயம். அப்படித்தான் இந்த வேலையைக் கையில் எடுத்தேன்.

ஆசிரியர் 1889இல் மறைந்தவர், அதனால் உரிமைச் சிக்கல் எதுவும் கிடையாது. எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. சந்தி பிரிப்பது, பழைய சொல்லுக்குப் பதிலாகப் புதுச் சொல் போடுவது, நீளமான பத்தியை வெட்டுவது எதுவும் கூடாது. எழுத்துரு, அளவு, இடைவெளி, ஓரம், தாள், தையல் இவற்றை வைத்துக்கொண்டு மட்டுமே வாசகருக்கு வழி செய்துகொடுக்க வேண்டும். தமிழில் உரைநடை நூல்கள் இல்லை என்ற குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதினேன் என்று முன்னுரையிலேயே சொன்னவர் வேதநாயகம் பிள்ளை. முன்சீபாக இருந்துகொண்டே, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்தவரும் அவர்தான். தமிழ் உரைநடையை இவ்வளவு மதித்த ஒருவருடைய உரைநடையில் நான் கைவைப்பது சரியாக இருக்காது.

பேரேட்டிலிருந்து கிடைத்த வழி

செட்டிநாட்டில் புத்தகம் செய்கிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். அட்டையில் ஆத்தங்குடிக் கல் பூவேலை, உள்ளே வீட்டு முகப்பு, தேக்குத் தூண். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கதை நடப்பது சத்தியபுரியிலும் விக்கிரமபுரியிலும். எழுதியவர் காவிரிக்கரைக்காரர். நாம் அச்சடிக்கிற ஊர் இது என்பதற்காக நம் வீட்டுத் தரையைத் தூக்கி அவர் கதைமேல் ஒட்டுவது நியாயமாகப் படவில்லை.

ஆனால் இந்த ஊரிடம் அலங்காரத்தைவிடப் பெரிய சரக்கு ஒன்று இருக்கிறது. கணக்கு எழுதிய ஊர் இது. பர்மா, மலேயா, சிலோன் என்று கடல் கடந்து போய்க் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களின் குறிப்பேடும் பேரேடும் ஐந்தொகையும் இந்த வீடுகளில் அடுக்கடுக்காகக் கிடந்தன. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றும்போது பாதி எழுதிய பேரேடு ஒன்றை வாங்கினேன். மேலே பிள்ளையார் சுழி, தேதி போட ௳, மாதத்துக்கு ௴, மேற்படிக்கு ௸. இந்தக் குறிகள் எல்லாம் இன்றைக்கு யூனிகோடிலும் இருக்கின்றன, பயன்படுத்துகிற ஆட்கள்தான் குறைவு.

அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. ஒரு தொகைக்கு உள்விவரம் இருந்தால், அதைக் கணக்குப்பிள்ளை உள்ளே தள்ளி எழுதுகிறார். அந்த உள்விவரத்துக்கும் விவரம் இருந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே. மொத்தம் மட்டும் வெளி ஓரத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும். கண் வெளி ஓரமாகவே இறங்கிவந்தால் முக்கியக் கணக்கு மட்டும் தெரியும். வேண்டுமென்றால் உள்ளே நுழைந்து பார்த்துக்கொள்ளலாம்.

பிரதாப முதலியார் சரித்திரத்தின் அமைப்பும் அதுதான். பிரதாபன் தன் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறான். நடுவில் ஒருவர் நீதி சொல்ல ஒரு கதை எடுக்கிறார், அது முடிவதற்குள் இன்னொரு உதாரணம் வருகிறது. இதைப் படிக்கிறவர்கள் தொலைந்துபோவதற்குக் காரணம், எல்லாக் கதையும் ஒரே அகலத்தில், ஒரே ஓரத்தில் ஓடுவதுதான். சரி, உள்கதையை உள்ளே தள்ளுவோம் என்று முடிவு செய்தேன்.

பக்கம் டெம்மி அளவு, அதாவது 5.5க்கு 8.5 அங்குலம். மூலக்கதை 94 மி.மீ. அகலத்தில் ஓடும். ஒரு பாத்திரம் கதை சொல்லத் தொடங்கினால் இடது ஓரம் 7 மி.மீ. உள்ளே போகும், அந்த ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு மெல்லிய கோடு இறங்கும். கதைக்குள் கதை என்றால் இன்னொரு 7 மி.மீ., இன்னொரு கோடு. கதை முடிந்ததும் கோடு நின்றுவிடும், ஓரம் பழைய இடத்துக்கு வந்துவிடும். எழுத்து அளவைக் குறைக்கவில்லை. உள்கதை என்றதும் எழுத்தைச் சிறிதாக்கும் பழக்கம் நம் பதிப்புகளில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. இந்த நாவலின் உயிரே அந்த உள்கதைகளில்தான் இருக்கிறது, அவற்றைப் பொடி எழுத்தில் போட்டால் படிக்க வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

பேரேட்டில் இருப்பதுபோல அந்தக் கோட்டைச் சிவப்பில் போட ஆசைதான். இரண்டாவது நிறம் என்றால் ஆஃப்செட்டில் பாரத்துக்குப் பாரம் (பாரம் என்பது சேர்த்து மடித்துத் தைக்கும் பதினாறு பக்கக் கட்டு) கூடுதல் பிளேட் போகும், சிறு எண்ணிக்கைக்குக் கட்டாது. சாம்பல் நிறமும் உதவாது. ஒற்றை நிற அச்சில் சாம்பல் என்பது புள்ளிகளாக உடையும், கால் பாயிண்ட் கோடு பல் பல்லாகத் தெரியும். அதனால் முழுக் கறுப்பில், கால் பாயிண்ட் கனத்தில் வைத்தேன். சிவப்பைத் தையல் நூலுக்கும், முதுகின் முனையில் வரும் பட்டையான ஹெட்பேண்டுக்கும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

எழுத்தும் வரியும்

மின்னுரை கிடைப்பது கடினமில்லை. ஆனால் அதை அப்படியே ஊற்றிவிட முடியாது. பழைய பதிப்பு ஒன்றின் வருடலை (ஸ்கேன்) பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டேன். ரகரமும் காலும் இடம் மாறிக் கிடக்கும். தமிழ் எண் ௧ இருக்க வேண்டிய இடத்தில் ககரம் உட்கார்ந்திருக்கும். ஔ என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் தனித்தனியாக அடித்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது, தேடினால்தான் அகப்படும். இந்த மெய்ப்பு வேலையைச் செய்யாமல் அழகைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

உடல் எழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவை எடுத்தேன். கோடு தடித்து மெலிகிற விதம் ஈய எழுத்துக் காலத்தை நினைவூட்டுகிறது. நீளமாகப் படிக்கும்போது கண்ணுக்கு ஒரு பிடிமானம் வேண்டும், ஒரே கனத்தில் ஓடும் எழுத்துருக்கள் பெயர்ப்பலகைக்கும் திரைக்கும் நன்றாக இருக்கும், நானூறு பக்கத்துக்குச் சரிவராது. 11 பாயிண்ட் எழுத்து, வரிக்கு வரி 17 பாயிண்ட், பக்கத்துக்கு 28 வரி. பத்திரிகை வேலை செய்தவர்கள் 17 என்பதை ஊதாரித்தனம் என்பார்கள். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகர ஊகார வாலும் இருக்கின்றன. மேல்வரி வாலும் கீழ்வரிப் புள்ளியும் முட்டிக்கொண்டால் கண் அங்கேயே தடுக்கும்.

வரியின் இரண்டு ஓரத்தையும் நேராக்குவதில்தான் தமிழுக்கு உண்மையான சோதனை. நம் சொற்கள் நீளம். அதிலும் இவருடைய சந்தி சேர்ந்த சொற்கள் இன்னும் நீளம். 94 மி.மீ. வரியில் ஐந்தாறு சொற்கள்தான் கொள்ளும். ஒரு நீளச் சொல் அடுத்த வரிக்குப் போய்விட்டால் மிச்சச் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். அடுத்தடுத்த வரிகளில் விழுந்தால் பக்கம் நடுவே பிளந்த மாதிரி தெரியும். அந்தக் காலத்து அச்சுக்கோப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வரி முடிகிற இடத்தில் சொல்லை உடைத்து, இணைப்புக்கோடு எதுவும் போடாமல் மிச்சத்தை அடுத்த வரியில் தொடருவார்கள். தமிழ் வாசகருக்கு அது உறுத்தியதே இல்லை. புள்ளி வைத்த எழுத்து மட்டும் வரித் தொடக்கத்தில் வரக் கூடாது.

அதையே கணினியில் செய்தேன். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கோடில்லாமல் வரியை உடைக்க அனுமதிக்கும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று உண்டு, யூனிகோடின் அகலமில்லா இடைவெளிதான் அது. தேடி மாற்றும் வசதியில் ஒரு விதி எழுதி, உயிர்மெய் முடிகிற ஒவ்வோர் இடத்திலும் அதை நுழைத்தேன். விலக்குகள் மூன்று. அடுத்த எழுத்து புள்ளி வைத்ததாக இருந்தால் கூடாது. சொல்லின் தொடக்கத்திலும் முடிவிலும் குறைந்தது இரண்டு எழுத்து சேர்ந்தே நிற்க வேண்டும். க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டெழுத்துகளுக்கு நடுவே நுழையக் கூடாது. பத்தி அமைப்பில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்திருக்க வேண்டும் என்பதைத் தமிழில் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இல்லாவிட்டால் கொம்பெல்லாம் இடம் மாறி நிற்கும். விதியை ஓட்டி முடித்ததும் பக்கத்தின் நிறம், அதாவது கறுப்பும் வெள்ளையும் கலந்து கண்ணுக்குத் தெரியும் அடர்த்தி, சட்டென்று சமமானது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த வேலையை எடுத்தது தகும் என்று எனக்குத் தோன்றியது.

சாய்வெழுத்தை எங்கேயும் பயன்படுத்தவில்லை. தமிழில் சாய்வெழுத்துக்கு மரபு கிடையாது. நேர் எழுத்தை வலப்பக்கம் தள்ளிவிட்டால் டகரம் தாங்கும், ஞகரமும் இகரமும் தடுமாறும். அழுத்தம் வேண்டிய இடத்தில் கனத்தை ஒரு படி கூட்டினேன். பெருங்கனம் வேண்டாம், பக்கத்தில் கறுப்புத் திட்டாக விழும்.

யார் பேசுகிறார்கள்?

முதல் இரண்டு அத்தியாயங்களை லேசரில் எடுத்து, டெம்மி அளவுக்கு வெட்டி, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுத்தேன். எண்பதைத் தாண்டியவர்கள், பத்திரிகையின் கடைசிப் பக்கம் வரை விடாமல் படிக்கிறவர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார்கள். எழுத்து நன்றாகத் தெரிகிறது என்றார்கள். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தினார்கள்.

“ஏம்ப்பா, இதுவரைக்கும் அவன் பேசுனான். இப்பப் பேசுறது யாரு?”

“அடுத்தவர் ஆச்சி. இங்கேர்ந்து அவர் பேச்சு.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? மூச்சு விட ஒரு எடம் வைய்யி.”

உரையாடல் எல்லாம் ஒரே பத்திக்குள் ‘என்று’, ‘என்றார்’ என்று தொடர்ந்து ஓடுவது அந்தக் கால உரைநடையின் இயல்பு. ஒவ்வொரு பேச்சையும் தனிப் பத்தியாக உடைத்தால் இன்றைய நாவல் போல ஆகிவிடும், அவருடைய நீண்ட மூச்சு போய்விடும். ஆச்சி சொன்ன ‘மூச்சு விட ஒரு எடம்’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பத்தியை உடைக்காமல், பேசுகிறவர் மாறும் இடத்தில் மட்டும் சாதாரண இடைவெளியைப்போல மூன்று மடங்கு அகலமான ஒரு வெற்றிடம் வைத்தேன். அதோடு, வெளி ஓரத்தில், அந்த வரிக்கு நேராகப் பேசுபவர் பெயரின் முதல் எழுத்து சிறியதாக: ‘பி’, ‘ஞா’, ‘க’. பேரேட்டில் மொத்தத் தொகை நிற்கிற அதே ஓரம். மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தபோது ஆச்சி நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனார்கள். கதாநாயகி ஞானாம்பாள் பேசும் இடத்தில் அவர்கள் குரலே கொஞ்சம் மாறியது.

பெயர் மறையும் தலைப்பு

பக்கத்தின் உச்சியில் ஓடும் தலைப்பில் பொதுவாக இடப்பக்கம் நூல் பெயர், வலப்பக்கம் அத்தியாயப் பெயர் இருக்கும். படிப்பவர் எவரும் அதைப் பார்ப்பதில்லை. நான் அந்த இடத்தைக் கதைக்குக் கொடுத்தேன். இடப்பக்கம் ‘பிரதாபன்’, வலப்பக்கம் ‘ஞானாம்பாள்’. புத்தகத்தை விரித்தால் இருவரும் எதிரெதிரே நிற்பார்கள்.

பிறகு காட்டில் பிரிகிறார்கள். ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டு, விக்கிரமபுரிக்கு அரசனாகவே ஆகிவிடுகிறாள். 1879இல் அச்சான ஒரு புத்தகத்தில், ஒரு பெண் நீதி சொல்லும் ஆசனத்தில் உட்கார்ந்து, கணவனைவிடத் தெளிவாக நாட்டை நடத்துகிறாள் என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. அந்த அத்தியாயங்களில் வலப்பக்கத் தலைப்பிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் பெயரின் நீளத்துக்கே ஒரு கோடு மட்டும். வேடம் கலைந்ததும் பெயர் திரும்ப வரும். இதை விளக்கி எங்கேயும் குறிப்பு எழுதவில்லை. கவனிக்கிற வாசகருக்கு அது கிடைக்கட்டும்.

பிரிவு வரும் அத்தியாயத்தின் தலைப்பில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்றும் ஒரு யோசனை. இங்கே தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. டிராக்கிங்கைக் கூட்டினால் மென்பொருள் குறியைக் குறியாகப் பிரிக்கும், ‘கொ’ என்பதில் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நிற்கும். படிப்பவர் கண்ணுக்கு அது எழுத்தே இல்லை. அதனால் தலைப்பை அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவமாக மாற்றி, ஒவ்வோர் உயிர்மெய்யையும் ஒரு குழுவாகக் கட்டி, கையால் தள்ளித் தள்ளி வைத்தேன்.

துதிக்கை வைத்த னை

இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் யானை வரும் பக்கம்.

1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போடும்வரை ணை, லை, ளை, னை நான்கும் வேறு மாதிரி இருந்தன. இப்போது போல முன்னால் தனியாக ஐகாரக் குறி நிற்காது. எழுத்தின் தலையிலேயே ஒட்டி எழுந்து சுருளும் ஒரு துதிக்கை இருக்கும். ணா, றா, னா வரிசைகளையும் சேர்த்து மொத்தம் பதின்மூன்று எழுத்துகள் அன்றைக்கு மாறின. இந்த நாவல் முதலில் அச்சானது பழைய வடிவத்தில்தான். ‘யானை’ என்ற சொல்லை அந்தக் காலத்து எழுத்தில் எழுதினால் அந்தச் சொல்லிலேயே ஒரு துதிக்கை இருக்கும்.

புத்தகம் முழுவதையும் பழைய எழுத்தில் போட்டால் இளைய வாசகர்கள் மிரளுவார்கள். கதையைத் திருப்பிப் போடுகிற யானை வரும் இடத்தில் மட்டும், அந்த ஒரு சொல்லை மட்டும் பழைய வடிவத்தில் வைத்தேன். யூனிகோடில் பழைய னைக்குத் தனி இடம் கிடையாது. குறியீடு ஒன்றுதான், வடிவம் எழுத்துருவின் பொறுப்பு. என் எழுத்துருவில் அது இல்லாததால் வரைந்துகொண்டேன்.

வரைவதற்கு மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. காரைக்குடி, கோட்டையூர், கண்டனூர் பக்கம் பழைய வீடுகளின் நிலைப்படி மேலும், மூடிக் கிடக்கும் கடைப் பலகைகளிலும் துதிக்கை வைத்த லையும் னையும் இன்னும் இருக்கின்றன. ஆச்சி இன்றைக்கும் கடிதத்தில் அப்படித்தான் எழுதுகிறார்கள். பலகை எழுத்தாளர்களுடைய துதிக்கை தூரிகையின் போக்கில் தடித்துத் தொடங்கி நுனியில் மெலியும், ஈய எழுத்தின் துதிக்கை குட்டையாக, அடக்கமாக இருக்கும். நான் பலகைத் துதிக்கையை எடுத்துக்கொண்டேன். பலகை எழுத்து என்றதும் கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைக்காமல் இருக்க முடியாது. விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்தவர், வாழ்நாள் முழுக்கத் தமிழ்ப் புத்தகங்களையும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அந்தச் சேகரத்தில்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. பழைய தமிழ் நூல் எப்படி இருந்தது என்று இன்று நாம் பார்க்க முடிகிறதென்றால் அதில் இந்த மண்ணின் பலகை எழுத்தாளர் ஒருவரின் பங்கு பெரியது.

பக்கம் இப்படி வந்தது: இடப்பக்கத்தின் அடியில் ‘யானை’ என்ற சொல், 60 பாயிண்ட் அளவில். னையின் துதிக்கை மட்டும் நீண்டு, மேலே எழுந்து, நடுத் தையலைத் தாண்டி வலப்பக்கத்துக்குள் போய், அங்கே பத்தியின் முதல் சொல்லுக்குமேல் சுருண்டு நிற்கிறது. நடுவில் துதிக்கை தையலைக் கடக்கிற இடம் சரியாகப் பொருந்த வேண்டும், ஒரு மி.மீ. விலகினாலும் துதிக்கை ஒடிந்துவிடும். அதனால் அந்த இரண்டு பக்கமும் ஒரு பாரத்தின் நட்டநடுவில், ஒரே தாளில் சேர்ந்து விழும்படி முன் பக்கங்களைக் கூட்டிக் குறைத்தேன். பதினாறு பக்கப் பாரத்தில் எட்டாவது, ஒன்பதாவது பக்கங்கள் அவை. அச்சகத்தில் தாள் மடித்துப் பார்க்காமல் இதை முடிவு செய்யவே கூடாது.

தாள், தையல், துணி

384 பக்கம், 24 பாரம். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) எடையுள்ள, லேசாகப் பழுத்த நேச்சுரல் ஷேட் தாளில் பின்பக்க எழுத்து லேசாகத் தெரிந்தது, குறிப்பாக ஓரம் உள்ளே தள்ளிய பக்கங்களில். 80க்குப் போனேன். 13க்கு 19 அங்குலத் தாளில் ஒரு முகத்துக்கு நான்கு பக்கம், இரண்டு தாளை ஒன்றுக்குள் ஒன்று வைத்தால் ஒரு பாரம்.

இங்கே தாளின் நார் ஓட்டத்தைக் கவனிக்க வேண்டும். நார் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் பக்கம் விறைத்து நிற்கும், ஈரக் காலத்தில் ஓரம் அலை அலையாக நெளியும். ஒரு துண்டுத் தாளின் ஒரு பக்கத்தை நனைத்தால் போதும், அது எந்த அச்சில் சுருளுகிறதோ அதுதான் நாரின் திசை. முதலில் வந்த கட்டில் நார் குறுக்கே ஓடியது. நீளவாட்டு நார் என்று எழுதிக் கொடுத்திருந்தும் அனுப்பியவர்கள் கண்டுகொள்ளவில்லை. திருப்பி அனுப்பி, சரியான தாள் வரும்வரை காத்திருந்தேன்.

பைண்டிங் செய்த அண்ணன் ஒரு காலத்தில் மண்டிகளுக்கும் வட்டிக்கடைகளுக்கும் பேரேடு கட்டியவர். இப்போது பெரும்பாலும் பள்ளி நூலகத்துப் பழைய புத்தகங்கள்தான். பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் வேண்டாம், நூல் தையல் வேண்டும் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

“பேரேடுன்னா விரிச்ச எடத்துல விரிச்சபடி கெடக்கணும் தம்பி. கணக்குப்பிள்ளைக்கு ரெண்டு கையும் வேணும்ல. ஒரு கை எழுதும், ஒரு கை வரியப் புடிச்சிருக்கும்.”

நாவலுக்கும் அதுதான் வேண்டும். துதிக்கை நடுத் தையலைத் தாண்டும் பக்கம் இருக்கும்போது புத்தகம் முழுசாக விரியாவிட்டால் அத்தனையும் வீண். நாடா மூன்று கொடுத்து, ஒவ்வொரு பாரத்தையும் மடிப்பில் துளைத்து, சிவப்பு நூலில் தைத்தார். பாரத்தின் நடுப்பக்கத்தை விரிக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு நூல் தெரியும். பேரேட்டுச் சிவப்புக் கோடு இப்படியாவது உள்ளே வந்துவிட்டது.

பசை அவர் கையாலேயே காய்ச்சினார். மைதா, தண்ணீர், பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம். துத்தம் விஷம் என்பதால் சமையல் பாத்திரத்தில் காய்ச்சவே கூடாது, தனிப் பாத்திரம் வேண்டும். முதுகுக்கு மட்டும் ஃபெவிகால் கலந்தார், மைதா தனியாக இருந்தால் காய்ந்ததும் வெடிக்கும் என்றார்.

அட்டையின் முதுகுக்குக் கண்டாங்கிச் சேலைத் துணி. கதைக்குச் சம்பந்தமில்லாத அலங்காரம் வேண்டாம் என்று சொன்னவன் இதை மட்டும் ஏன் எடுத்தேன் என்று கேட்கலாம். துணியின் குணத்துக்காகத்தான். முரட்டுப் பருத்தி, நெருக்கமான நெசவு, கை பட்டுப் பட்டு இன்னும் மெருகேறும். அட்டைப் பலகைமேல் வெறும் காகிதம் ஒட்டினால் திறந்து மூடும் கீல் பக்கம் சீக்கிரம் கிழியும், துணி தாங்கும். ஆச்சி ஒரு பழைய சேலையைக் கொடுத்தார்கள், அரக்குச் சிவப்பு, அகலக் கரை. ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்தேன், பல வெளுப்பு கண்ட சாயம், இறங்கவில்லை.

பருத்தித் துணியை நேராகப் பசைமேல் வைத்தால் நெசவுக்கு ஊடாகப் பசை கசிந்து வெளியே பளபளவென்று கறை தெரியும். முதலில் துணியை நனைத்து, கண்ணாடிப் பலகையில் சுருக்கமில்லாமல் கவிழ்த்துப் போட்டு, பசை தடவிய மெல்லிய டிஷ்யூ காகிதத்தை அதன் முதுகில் ஏற்றி, அப்படியே காயவிட்டோம். காய்ந்தபின் துணி தாள் போல வெட்ட வந்தது. சேலையின் கரை புத்தகத்தின் முதுகோடு நேராக ஓடும்படி வெட்டினோம். கட்டம் ஓர் இழை சாய்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும், அதனால் அளவுகோலைத் தூக்கி வைத்துவிட்டு ஓர் இழையை உருவி, அந்தத் தடத்தில் வெட்டினார் அண்ணன்.

மீதி அட்டை வெறும் பழுப்புக் கைக்காகிதம். அதில் நூலின் பெயர் கிடையாது. உள்ளே வரும் அந்தத் துதிக்கையின் சுருள் மட்டும், மை இல்லாமல் அழுத்திப் பதித்தது.

முதுகில் பெயர் எப்படிப் போடுவது என்பது கடைசி வரை இழுத்தது. தமிழ்ப் புத்தக முதுகில் எழுத்தைப் படுக்கப் போடுவதுதான் வழக்கம், சில பதிப்பகங்கள் மேலிருந்து கீழாக, சில கீழிருந்து மேலாக. அலமாரி முன் நிற்பவர் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொண்டே நடக்க வேண்டும். இந்தப் புத்தகத்தின் முதுகு அட்டையோடு சேர்த்து 26 மி.மீ. வருகிறது. ‘பிரதாப’, ‘முதலியார்’, ‘சரித்திரம்’ என்று மூன்று வரியாக நேராக நிறுத்தி அளந்தேன். 12 பாயிண்ட் தடித்த எழுத்தில் மூன்றும் அடங்குகின்றன, இரண்டு ஓரமும் கொஞ்சம் இடம் மிச்சம். துணியில் நேரடியாக அச்சேறாது என்பதால் காகிதச் சீட்டு ஒன்றில் அடித்து ஒட்டினோம். ஒட்டுவதற்கு முன் அண்ணன் அந்த இடத்தில் அட்டையை ஒரு சீட்டுக் கனத்துக்குச் சுரண்டிக் குழியாக்கினார். மற்றப் புத்தகங்களோடு உரசும்போது சீட்டின் ஓரம் பிய்ந்து வராமல் இருக்க அதுதான் வழி என்றார், பேரேட்டு முதுகில் வருஷச் சீட்டு ஒட்டுவதும் அப்படித்தானாம்.